வெற்றிலையைத் திருப்பிப் பார்த்தல்: கருப்பையின் வடிவத்தை 3டி ஸ்கேன் காட்டும் விதம்

இரண்டு முறை கரு கலைந்து, காரணம் தேடி ஸ்கேன் சென்டருக்குப் போன பெண்ணின் கையில் கொடுக்கப்படும் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் சில சமயம் இப்படி எழுதியிருக்கும்: கருப்பையின் மேற்பகுதியில் உட்படலம் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது; செப்டேட் அல்லது பைகார்னுவேட் கருப்பையாக இருக்கலாம்; 3டி ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும். அதைப் படித்ததும் எழும் குழப்பம் நியாயமானதே. 3டி ஸ்கேன் என்றால் வயிற்றில் வளரும் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் ஸ்கேன் என்றுதான் நம்மில் பலரும் அறிந்திருக்கிறோம். கருவே இல்லாத கருப்பையை அப்படிப் பார்ப்பதால் என்ன கிடைக்கும்? ஏற்கெனவே எடுத்த ஸ்கேனில் தெரியாத எது இதில் தெரிந்துவிடும்? சாதாரண ஸ்கேனால் கருப்பையைப் பார்க்க இயலாத திசை ஒன்று உண்டு என்பதும், 3டி ஸ்கேன் அந்த ஒரு திசையைத் திறந்துவிடுகிறது என்பதும்தான் விடை. கருப்பையின் வடிவம் பற்றிய முக்கியமான கேள்விகள் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்து பார்த்தால்தான் தீர்கின்றன.

பக்கவாட்டில் பிடித்த இலை

கர்ப்பம் தரிக்காத நிலையில் கருப்பை ஏறத்தாழ 7 முதல் 8 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, தலைகீழாக வைத்த பேரிக்காய் போன்ற ஒரு தசைப் பை. பை என்று சொன்னாலும் உள்ளே பலூன் போல வெற்றிடம் கிடையாது. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் குழி ஒரு தட்டையான முக்கோணம். மேல் மூலைகள் இரண்டிலும் கருக்குழாய்கள் வந்து சேர்கின்றன; கீழ் முனை கருப்பை வாயை நோக்கி இறங்குகிறது. இந்த முக்கோணத்தின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பதுதான் எண்டோமெட்ரியம் எனப்படும் உட்படலம். மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிட்டால் மாதவிடாயாக வெளியேறுவதும் இதுவே.

ஒரு வெற்றிலையைக் காம்பு மேலேயும் நுனி கீழேயும் இருக்கும்படி, விளிம்பு மட்டும் உங்கள் கண்ணுக்கு நேராக வருமாறு பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒரு கோடுதான் தெரியும். இலை எவ்வளவு அகலம், காம்படியில் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம், இரண்டு தோள்களும் சமமாக இருக்கின்றனவா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. அதே இலையைக் குறுக்கே நறுக்கி, நறுக்கிய விளிம்புகளைப் பார்த்தால், காம்படிக்கு அருகில் இரண்டு சிறு கோடுகளும் அதற்குக் கீழே ஒரே நீண்ட கோடும் தெரியும். மேலே ஏதோ ஒரு பிளவு இருக்கிறது என்று அதிலிருந்து ஊகிக்கலாம். அதன் வடிவத்தைச் சொல்ல முடியாது. இலையை முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை.

சாதாரண 2டி ஸ்கேனில் கருப்பைக்கு நேர்வது அந்த முதல் இரண்டு பார்வைகள்தான். உள் ஸ்கேன் என்று பேச்சில் சொல்லப்படும் டிவிஎஸ் பரிசோதனையில், புரோப் எனப்படும், விரல் பருமனில் உள்ள ஒலிக்கருவி பிறப்புறுப்பின் வழியே செலுத்தப்படுகிறது. புரோப்பை ஒரு வாக்கில் வைத்தால் கருப்பையை நெடுக்காகப் பிளந்த பக்கத்தோற்றம் கிடைக்கும். 90 பாகை திருப்பினால் குறுக்குவெட்டு கிடைக்கும். முகம் பார்க்கும் மூன்றாவது தளத்துக்கு மருத்துவர்கள் கரோனல் தளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை சிறுநீர்ப்பையின் மேல் முன்பக்கம் சாய்ந்து கிடப்பதால், இந்தத் தளம் ஒலி செல்லும் திசைக்குக் குறுக்காக அமைந்துவிடுகிறது. புரோப்பை எப்படிச் சாய்த்தாலும் ஒலிக்கற்றையை அந்தத் தளத்தின் மீது படியவைக்க உடலில் இடம் போதாது. ஸ்கேன் செய்பவரின் திறமைக்குறைவு இதற்குக் காரணமல்ல. உடலின் அமைப்பே அப்படி.

நூற்றுக்கணக்கான வெட்டுகளிலிருந்து ஒரு கன உரு

அல்ட்ராசவுண்ட் என்பது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி. உள் ஸ்கேனுக்குப் பயன்படும் புரோப்கள் பொதுவாக 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு 50 லட்சம் முதல் 90 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகின்றன. அது உடலின் மென்திசுக்களில் சராசரியாக வினாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் சென்று, ஒரு திசு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களில் எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டு ஆழத்தையும், எவ்வளவு வலுவாகத் திரும்பியது என்பதைக் கொண்டு வெளிச்சத்தையும் கணக்கிட்டு, கருவி திரையில் ஒரு தட்டையான வெட்டுப் படத்தை வரைகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் எதுவும் இல்லை.

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே கருப்பைக்கு ஓர் இடம் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயான் டொனால்ட், 1955-இல், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பை நார்க்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே வைத்திருந்த ஒலிக்கருவியால் அந்தக் கட்டிகளைச் சோதித்தார். நார்க்கட்டியும் நீர்க்கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. அங்கிருந்து தொடங்கிய வேலையை, மருத்துவர் ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் சேர்ந்து 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். முப்பரிமாணம் இதற்குப் பிறகு சுமார் 30 ஆண்டுகள் கழித்தே வந்தது. ஜப்பானின் கசுநோரி பாபா 1986-இல் கருவின் முப்பரிமாணப் படத்தைக் கணினி வழியே உருவாக்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரியாவின் கிரெட்ஸ்டெக்னிக் நிறுவனம் 3டி வசதியுள்ள கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

3டி புரோப்பின் தலைக்குள், ஒலியை அனுப்பும் பகுதி ஒரு சிறிய மோட்டாரால் விசிறி போல இப்பக்கமிருந்து அப்பக்கம் அசைகிறது. ஸ்கேன் அறையில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவர் முதலில் வழக்கம்போல 2டி முறையில் பார்க்கிறார். கருப்பை முழுவதும் திரைக்குள் அடங்கும்படி சரிசெய்துகொண்டு, “அசையாம இருங்கம்மா, மூச்சை அப்படியே பிடிச்சுக்கங்க” என்கிறார். புரோப்பைப் பிடித்திருக்கும் கை அசைவதில்லை. உள்ளே மெல்லிய அதிர்வு மட்டும் உணரப்படலாம். சில வினாடிகளில், “ம்… மூச்சு விடலாம்” என்கிறார். அவ்வளவுதான், நோயாளியின் பங்கு முடிந்துவிட்டது. அந்தச் சில வினாடிகளில் கருவி வரிசையாக எடுத்த வெட்டுப் படங்களையெல்லாம் அடுக்கி, கருப்பையை ஒரு கன உருவாகச் சேமித்துக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் திரையில்தான். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள் மூன்று கட்டங்களில் தோன்றுகின்றன. முதல் கட்டத்தில் பக்கத்தோற்றம். அதில் உட்படலம் சாய்வான ஒரு வெள்ளைக் கோடாக இருக்கிறது. மருத்துவர் ஒரு குமிழைத் திருகி அந்தக் கோட்டைக் கிடைமட்டமாக்குகிறார். இரண்டாம் கட்டத்தில் உள்ள குறுக்குவெட்டிலும் அவ்வாறே செய்கிறார். இரண்டும் நேரானதும், அதுவரை புகைமூட்டமாக இருந்த மூன்றாம் கட்டத்தில் கருப்பையின் முகம் தெளிந்து வருகிறது: சாம்பல் நிறத் தசைக்கு நடுவே வெண்மையான முக்கோணம், அதன் இரு தோள்களிலிருந்தும் கருக்குழாய்களை நோக்கி நீளும் கொம்புகள், எல்லாவற்றுக்கும் மேலே வளைந்த கூரை போன்ற வெளி விளிம்பு. இந்தத் திருகும் வரிசையை 2006-இல் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் அபுஹமத் குழுவினர் எளிய படிகளாக வகுத்து, இசட் உத்தி என்ற பெயரில் வெளியிட்டனர். இன்றைய கருவிகள் சிலவற்றில், உட்படலத்தின் மேல் ஒரு கோட்டை வரைந்தாலே போதும், அந்தக் கோட்டின் வழியே கன உருவைத் திறந்து காட்டிவிடுகின்றன.

நடுச்சுவரும் கூரையும்

பிறவியிலேயே கருப்பையின் வடிவம் மாறியிருக்கும் நிலைகளில்தான் இந்தப் பார்வை சிகிச்சையின் திசையையே மாற்றுகிறது. எனவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

தாயின் வயிற்றில் ஒரு பெண் சிசு உருவாகும்போது, அதன் கருப்பை ஒற்றை உறுப்பாகத் தோன்றுவதில்லை. முல்லேரியன் குழாய்கள் எனப்படும் இரண்டு குழாய்கள் வலமும் இடமும் இருந்து வந்து நடுவில் இணைகின்றன. அடுத்தடுத்துள்ள இரண்டு வீடுகளை ஒரே வீடாக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டையும் ஒட்டிச் சேர்க்க வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் பொதுச்சுவரை இடித்து ஒரே கூடமாக்க வேண்டும். சிசுவின் உடலிலும் இந்த இரண்டு வேலைகளும் கர்ப்பகாலத்தின் முதல் பாதிக்குள் நடந்து முடிகின்றன. ஒரு பக்கக் குழாய் சரியாக வளரவே இல்லையென்றால் ஒற்றைக்கொம்புக் கருப்பை உண்டாகிறது. இரண்டும் வளர்ந்து, இணையாமலே நின்றுவிட்டால் இரட்டைக் கருப்பை. கீழே இணைந்து மேலே இணையாவிட்டால் பைகார்னுவேட் எனப்படும் இருகொம்புக் கருப்பை. முழுமையாக இணைந்த பிறகு நடுச்சுவர் மட்டும் கரையாமல் தங்கிவிட்டால், அது செப்டேட் எனப்படும் தடுப்புச்சுவர்க் கருப்பை. முக்கியமான வடிவ மாற்றங்களில் அதிகம் காணப்படுவது இந்தக் கடைசி வகைதான்.

இவை எவ்வளவு பரவலானவை என்பதற்கு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு மதிப்பீடு உதவுகிறது. பொதுவாகப் பெண்களில் நூற்றுக்கு ஐந்தரைப் பேருக்கு ஏதேனும் ஒரு வடிவ மாற்றம் இருக்கிறது; கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களில் அது நூற்றுக்குப் 13 என்று உயர்கிறது. இவர்களில் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குழந்தை பெற்று, தங்கள் கருப்பை மாறுபட்டது என்பதை அறியாமலே வாழ்கிறார்கள்.

செப்டேட், பைகார்னுவேட் ஆகிய இரண்டிலும் உட்குழி மேலே இரண்டாகப் பிரிந்திருக்கும். குறுக்குவெட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். டியூப் டெஸ்ட் என்று அழைக்கப்படும் ஹெச்.எஸ்.ஜி. பரிசோதனையில், கருப்பைக்குள் செலுத்தப்படும் மருந்து எக்ஸ்ரே படத்தில் இரண்டு கிளைகளாகத் தெரியும். வீட்டுக்கு உள்ளே நிற்பவருக்கு இரண்டு அறைகள் இருப்பது தெரிகிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ் நடுச்சுவர் நிற்கிறதா, அல்லது இரண்டு தனித்தனிக் கூரைகள் நடுவே பள்ளம் விட்டு நிற்கின்றனவா என்பதை அறிய, வெளியே வந்து கூரையைப் பார்க்க வேண்டும். டியூப் டெஸ்டில் மருந்து நிறைந்த உட்குழி மட்டுமே பதிவாவதால் கூரை தெரிய வழியே இல்லை.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போவது ஆபத்து. தடுப்புச்சுவரை அகற்றுவதென்று முடிவானால், ஹிஸ்டரோஸ்கோபி முறையில், வயிற்றில் வெட்டே இல்லாமல் கருப்பை வாய் வழியாகச் சென்று அதை வெட்டிவிட முடியும். இருகொம்புக் கருப்பையில் அப்படி வெட்டினால், வெட்டப்படுவது நடுச்சுவராக இருக்காது. கருப்பையின் வெளிச்சுவரே துளைபட்டு, அதற்கு அப்பால் உள்ள குடலுக்குக்கூடக் காயம் ஏற்படலாம். இதனால்தான் முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்து, தொப்புளருகே துளையிட்டு லேப்ராஸ்கோபி கருவியை உள்ளே செலுத்தி, கருப்பையின் மேற்புறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தார்கள். கரோனல் தளமோ உள் முக்கோணத்தையும் வெளிக்கூரையையும் ஒரே படத்தில் காட்டுகிறது. 1995-இல் லண்டனில் டேவர் ஜுர்கோவிச் குழுவினர் 3டி ஸ்கேனை டியூப் டெஸ்டுடனும் 2டி ஸ்கேனுடனும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இந்த வழியைத் திறந்தது. நோயைக் கண்டறிவதற்காக மட்டுமே மயக்க மருந்தும் துளையும் தேவைப்பட்ட நிலையிலிருந்து பல பெண்கள் தப்பியதை, இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்.

கரோனல் படத்தில் எதை அளக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கருக்குழாய்கள் தொடங்கும் இரு மூலைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கிறார்கள். நடுவிலிருந்து கீழே இறங்கும் சுவர் அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் நீள்கிறது என்பது முதல் அளவு. அந்தச் சுவரின் நுனியில் உண்டாகும் கோணம் இரண்டாவது. வெளிக்கூரையில் பள்ளம் இருந்தால் அதன் ஆழம் மூன்றாவது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2021-ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, உட்சுவர் 1 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி, கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால் அது தடுப்புச்சுவர். வெளிப்பள்ளம் 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இருகொம்பு. ஐரோப்பியச் சங்கங்கள் 2013-இல் வகுத்த முறையோ வேறு: உள்ளே இறங்கும் பகுதி கருப்பைச் சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் இருந்தாலே தடுப்புச்சுவர் என்று கொள்கிறது. ஆகவே ஒரே பெண்ணின் ஒரே படம் ஒரு முறைப்படி தடுப்புச்சுவராகவும் இன்னொரு முறைப்படி இயல்பான கருப்பையாகவும் எழுதப்படலாம். இரண்டு ஸ்கேன் சென்டர்களின் ரிப்போர்ட்டுகள் முரண்படும்போது, ஒன்று தவறு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த அளவுகோல் பயன்படுத்தப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

தடுப்புச்சுவர் இருப்பது உறுதியானாலும், அதை வெட்டியே ஆகவேண்டும் என்று பொருளல்ல. வெட்டுவதையும் வெட்டாமல் காத்திருப்பதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஒரு பன்னாட்டு ஆய்வு 2021-இல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் 80 பெண்கள். உயிருள்ள குழந்தை பெற்றவர்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 31 சதவீதம், காத்திருந்த பிரிவில் 35 சதவீதம். 80 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கேள்வி முடிந்துபோய்விட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு படத்தைப் பார்த்த அன்றே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் அவசரத்துக்கு இந்த முடிவு இடம் தரவில்லை என்பது தெளிவு. எத்தனை முறை கரு கலைந்தது, எந்த மாதத்தில் கலைந்தது, வேறு காரணங்கள் பார்க்கப்பட்டனவா என்பதையெல்லாம் சேர்த்துப் பேச வேண்டிய முடிவு அது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கருப்பையும் சிறுநீரகமும் கருவில் அருகருகே உருவாகின்றன. ஆகவே கருப்பையில் வடிவ மாற்றம் உள்ள சிலருக்கு, குறிப்பாக ஒற்றைக்கொம்புக் கருப்பை உள்ளவர்களுக்கு, ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாமலே இருக்கக்கூடும். கருப்பையைப் பார்த்து முடித்த கையோடு வயிற்றின் மேல் புரோப்பை வைத்து இரண்டு சிறுநீரகங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

காப்பர்-டி சொன்ன இடத்தில் இருக்கிறதா

காப்பர்-டி பொருத்திய பிறகு விட்டுவிட்டு உதிரம் படுவதும் அடிவயிறு வலிப்பதும் சிலருக்கு நீங்காத தொல்லையாக இருக்கும். 2டி ஸ்கேனில் டி-யின் நடுத்தண்டு ஒரு பளிச்சென்ற கோடாகத் தெரியும். உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். டி எழுத்தின் இரண்டு கைகள் எங்கே இருக்கின்றன என்பது பக்கத்தோற்றத்தில் தெரியாது. கரோனல் தளத்தில் அந்த முழு எழுத்தையும் படிக்கலாம்: முக்கோணத்தின் நடுவே தண்டு, இரு தோள்களை நோக்கி இரண்டு கைகள். ஒரு கை உட்படலத்தைத் தாண்டித் தசைக்குள் குத்தியிருந்தால், வெண்மையான முக்கோணத்தின் எல்லையைக் கடந்து சாம்பல் நிறப் பகுதியில் அதன் நுனி நிற்பதைப் பார்க்கலாம். போஸ்டன் நகரில் பெரில் பெனசெராஃப் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சாதனம் பொருத்திக்கொண்ட 167 பெண்களில் 28 பேருக்கு அதன் ஒரு பகுதி இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அந்த 28 பேரில் நான்கில் மூன்று பங்கினர் வலி அல்லது உதிரப்போக்கு என்று வந்தவர்கள். காப்பர்-டி பொருத்திக்கொண்ட பெண் வலிக்கிறது என்று சொல்லும்போது, ‘பழகிவிடும்’ என்ற பதிலுக்கு முன் ஒரு கரோனல் படம் எடுப்பது அவருக்குச் செய்யும் நியாயம்.

கட்டிகள், தழும்புகள், தவறான இடத்தில் தங்கிய கரு

நார்க்கட்டி எனப்படும் ஃபைப்ராய்டு இருக்கிறதா இல்லையா என்பதை 2டி ஸ்கேனே நன்றாகச் சொல்லிவிடும். அது உட்குழிக்குள் எவ்வளவு துருத்தியிருக்கிறது என்பதில்தான் 3டி உதவுகிறது. பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2011-இல் வகுத்த வரிசையில், முழுவதும் குழிக்குள் தொங்கும் கட்டி 0, பாதிக்கு மேல் குழிக்குள் இருப்பது 1, பாதியோ அதற்கு மேலோ தசைக்குள் இருப்பது 2 என்று தொடங்கி எண்கள் 8 வரை போகின்றன. 0, 1 ஆகியவற்றைப் பெரும்பாலும் கருப்பை வாய் வழியாகவே எடுத்துவிடலாம். 2-இல் கட்டியின் அளவையும் வெளிச்சுவர் வரை மிச்சமிருக்கும் தசையின் தடிமனையும் பார்த்தே அறுவை மருத்துவர் முடிவெடுப்பார். குழிக்குள் மெல்லிய குழாய் வழியே சிறிது சலைன் செலுத்தி, சுவர்கள் விலகிய நிலையில் 3டி எடுத்தால், பாலிப் போன்ற சிறு சதை வளர்ச்சிகளும்கூட நீரில் மிதக்கும் உருவங்களாகத் தெளிவாக நிற்கும்.

அடினோமயோசிஸில், உட்படலத்தைச் சேர்ந்த திசு தசைச் சுவருக்குள்ளேயே ஊடுருவியிருக்கும். தாங்க முடியாத மாதவிடாய் வலிக்கும் மிகையான உதிரப்போக்குக்கும் இது ஒரு காரணம். உட்படலத்துக்கும் தசைக்கும் இடையே கரோனல் படத்தில் மெல்லிய கருமையான ஒரு விளிம்பு முக்கோணத்தைச் சுற்றி ஓடும். நோய் உள்ள இடத்தில் அந்த விளிம்பு பிசிறடித்தும் அறுபட்டும் தெரியும். குழிக்குள் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் ஆஷர்மன் நிலையிலும், முக்கோணத்தில் விழுந்த கருமையான இடைவெளிகள் கரோனல் தளத்தில்தான் எளிதில் கண்ணில் படும்.

கருவுற்ற தொடக்க வாரங்களில் இந்தப் பார்வை உயிரைக் காப்பாற்றும் ஒரு சூழலும் உண்டு. கருக்குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்து வரும் மிகக் குறுகிய பகுதியிலேயே கரு தங்கிவிட்டால், 2டி ஸ்கேனில் அது கருப்பைக்குள் மேல் மூலையில் இருக்கும் இயல்பான கர்ப்பம் போலவே தோன்றக்கூடும். வெடித்தால் இரத்தப்போக்கு மிகக் கடுமையாக இருக்கும். கரோனல் தளத்தில் உட்படலத்தின் முக்கோணம் முடிந்த பிறகு, அதற்கு வெளியே, மெல்லிய தசை மட்டும் சூழ்ந்த நிலையில் நிற்கும் கருவின் பையைப் பிரித்துக் காண முடிகிறது.

எந்த நாளில், எப்படிப் போக வேண்டும்

வடிவத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்கு மாதச் சுழற்சியின் பிற்பாதி, அதாவது கருமுட்டை வெளியேறிய பிறகும் அடுத்த மாதவிடாய்க்கு முன்பும் உள்ள நாட்கள், மிகவும் ஏற்றவை. அப்போது உட்படலம் தடித்து வெண்மையாக இருப்பதால் முக்கோணம் எழுத்து போலத் துலங்கும். மாதவிடாய் முடிந்த உடனே எடுத்தால் அதே முக்கோணம் மெல்லிய கீற்றாகவே தெரியும். பாலிப் தேடுவதானால் இதற்கு நேர்மாறாக, உதிரப்போக்கு நின்ற சில நாட்களுக்குள், படலம் மெல்லியதாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்; தடித்த படலத்துக்குள் பாலிப் ஒளிந்துகொள்ளும். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைச் சொல்லி முன்பதிவு செய்தால், வரவேற்பில் இருப்பவர்கள் சரியான நாளைக் குறித்துத் தருவார்கள்.

வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்கு வரிசையாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் முட்டும்வரை காத்திருக்கும் வழக்கம் இங்கே தலைகீழாகிறது. உள் ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைத் தள்ளிவிடும். புரோப்பின் மேல் புதிய உறையும் ஜெல்லும் இடப்படுகின்றன. தாம்பத்திய உறவு கொண்டிருக்கும் பெண்களுக்குப் பொதுவாக லேசான அழுத்தத்துக்கு மேல் வலி இருப்பதில்லை. உடன் ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும் என்று கேட்க எந்த நோயாளிக்கும் உரிமை உண்டு. திருமணமாகாத இளம்பெண்களுக்கு நம் ஊரில் பொதுவாக உள் ஸ்கேன் செய்வதில்லை. வயிற்றின் மேலிருந்து 3டி எடுத்துப் பார்க்கலாம்; ஆழம் கூடுவதால் தெளிவு குறையும். அது போதவில்லையென்றால், அல்லது அமைப்பு சிக்கலாக இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பதே முறை.

இந்தக் கருவியின் எல்லைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2டி படம் மங்கலாக இருந்தால் அதிலிருந்து கட்டப்படும் 3டி உருவும் மங்கலாகவே இருக்கும். கணினியால் இல்லாத தெளிவை உண்டாக்க முடியாது. பெரிய நார்க்கட்டிகள் நிழல் வீழ்த்தி முக்கோணத்தை மறைத்துவிடும். மாதவிடாய் நின்று படலம் மெலிந்த பெண்களுக்குக் கரோனல் படம் பெரும்பாலும் பெரிய உதவியாக இருப்பதில்லை. மூச்சோ குடலோ நோயாளியோ அசைந்தால் கன உருவில் அலை அலையான கோணல் விழும். அப்படி விழுந்த கோணலைக் கருப்பையின் வளைவென்று தவறாக வாசிக்காமல் திரும்ப ஒருமுறை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். படத்தைத் திருகி நேராக்கும் கையும் அளக்கும் கண்ணும் பழகியதாக இருக்க வேண்டும். தளம் சற்றுச் சாய்ந்துவிட்டாலே இல்லாத பள்ளம் இருப்பதுபோலத் தோன்றும்.

ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் வாங்கும்போது, எழுத்தில் உள்ள முடிவோடு கரோனல் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மூலைகளை இணைக்கும் கோடும், உட்சுவரின் நீளமும், கோணமும், கூரைப் பள்ளத்தின் ஆழமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சேமித்த கன உருவைக் கோப்பாகத் தர இயலுமானால் அதையும் பெற்றுக்கொள்ளலாம். அந்தக் கோப்பைப் படிக்கும் மென்பொருள் இருந்தால், வேறு ஊரில் இருக்கும் இன்னொரு மருத்துவர், உங்களை மறுபடி படுக்கவைக்காமலே, அதே கருப்பையைத் தன் திரையில் புதிதாகத் திருப்பி, தன் அளவுகோலின்படி தானே அளந்து பார்த்துக்கொள்ள முடியும்.